நீச்சல் குளத்துக்கு மூடியா, பின்னறைக்கு ஏசியா? சிட்னி மேற்குப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்களின் அனுபவம் தேவை

வைகைக்கரை, கெலிவில்

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆகஸ்டில் கெலிவில்லில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறினோம். வீட்டுக்குப் பின்னால் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. கூரைக்குள் குழாய் ஓடி ஒவ்வோர் அறைக்கும் காற்றுக் கொடுக்கும் டக்டட் ஏசியும் இருக்கிறது. குளிர்காலத்தில் வீடு பார்க்க வந்தபோது இரண்டும் வரவுக் கணக்கில்தான் தெரிந்தன. வெயில் தொடங்கியதும் இரண்டுமே செலவுக் கணக்குக்கு மாறிவிட்டன.

குளத்தில் தண்ணீர் வாரத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டக் குழாயைக் குளத்தில் போட்டுவிட்டு, மறந்துபோய் கோயிலுக்குக் கிளம்பி, பாதி வழியில் நினைவு வந்து திரும்பியதும் உண்டு. இவ்வளவு தண்ணீர் விட்டும் நவம்பர் முடியும் வரை பிள்ளைகளால் பத்து நிமிடம்கூட உள்ளே நிற்க முடியவில்லை; பல் கிட்டிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். வீட்டுக்குள் நிலைமை இதற்கு நேர்மாறு. ஏசி 14 கிலோவாட் திறனுள்ளது, வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. வரவேற்பறை நன்றாகக் குளிர்கிறது. ஆனால் மேற்குப் பக்கமுள்ள பின் படுக்கையறை, அதாவது மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா படுக்கும் அறை, இரவு பத்து மணிக்கும் அடுப்படி போல இருக்கிறது.

இந்த ஆண்டு இதற்கென்று என்னால் ஒதுக்க முடிவது 3,000 டாலர்தான். குளத்துச் சாமான்கள் விற்கும் கடைக்காரர், குமிழ் வைத்த பிளாஸ்டிக் மூடியும் அதைச் சுருட்ட ஒரு ரோலரும் வாங்கிவிட்டால் தண்ணீர், குளோரின், குளிர் என்று எல்லாத் தொல்லையும் தீரும் என்கிறார். ஏசி பார்க்க வந்தவரோ கூரைக்குள் தலையைக்கூட நீட்டிப் பார்க்காமல், மொத்தமாக மாற்ற வேண்டும் என்று என் கைக்கு எட்டாத ஒரு விலையை எழுதி அனுப்பிவிட்டார். வேண்டுமானால் பின்னறைக்கு மட்டும் ஒரு சிறிய ஸ்பிலிட் ஏசி போடலாம். மூடியும் அதுவும் சேர்ந்தால் பணம் போதாது.

மூடி பற்றிப் பேச்செடுத்த அன்றே அம்மா, “வைகை அணையில தெர்மாகோல் விட்டாங்களே, அதையா நீயும் செய்யப் போறே?” என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே தெர்மாகோல்தான். கேலி ஒருபுறம் இருக்கட்டும். அந்த மூடியை ஒரே ஆளால் தினமும் எடுத்துப் போட முடியுமா, ஜனவரி வெயிலில் குளம் வெந்நீர்த் தொட்டியாகிவிடாதா, ஏசியை மாற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லையா என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் தோன்றுகிறது: ஏசி வெளியே தள்ளுகிற அனல் காற்றை வீணாக்காமல், அந்த வெப்பத்தைக் குளத்துக்குள் விட வழி ஏதும் இருக்கிறதா?

கூழாங்கல், பென்ரித்

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டது காற்றிடம் தோற்ற கதை. நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்ற கருத்தில் பிழையில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015இல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டது. வெயில் பட்டு நீரின் தரம் கெடாமல் காப்பதே முதல் நோக்கம் என்றாலும், நீர் ஆவியாவதும் அதனால் குறைந்தது. அணையில் அட்டைகளைக் கரையொதுக்கிய காற்று, ஓரத்துக்கு ஓரம் அளவாக வெட்டி நீரோடு ஒட்டிக் கிடக்கும் உங்கள் 32 சதுர மீட்டர் மூடியை அவ்வளவு எளிதில் அசைக்காது. பலத்த மேல்காற்று அடிக்கும் நாளில் ஒரு மூலை மடங்கும், அவ்வளவுதான்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வாரத்துக்கு 5 சென்டிமீட்டர் என்பது வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் ஆவியாகக்கூடிய அளவுதான். ஆனால் கசிவும் இதே அளவில் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்தின் மேற்படியில் பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்கு உள்ளே உள்ள நீர்மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் வாளியின் மேலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். மழையில்லாத மூன்று நான்கு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலின் வேலை. வெளியே மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டைக் குளத்துக்கு மூடி போட்டுப் பயனில்லை.

ஆவியாதல்தான் காரணம் என்றால், உங்கள் பிள்ளைகள் நடுங்குவதற்கும் அதுவே காரணம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பம் தேவை. நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் இறங்கினால் உங்கள் குளத்தில் 224 லிட்டர் போகிறது. அதாவது 150 கிலோவாட் மணி வெப்பத்தைக் குளம் இழக்கிறது. சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்று வைத்தால் மொத்தத் தண்ணீர் 45,000 லிட்டர்; அந்த இழப்பு முழுவதையும் குளத்திலிருந்தே எடுத்தால் ஒரே நாளில் ஏறக்குறைய 3 டிகிரி குறையும். பகலில் சூரியன் ஏற்றிக் கொடுப்பதை ஆவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரவிலும் அது நிற்பதில்லை. வெளிக்குளங்கள் இழக்கும் வெப்பத்தில் 70 விழுக்காடு ஆவியாதலால்தான் என்று அமெரிக்க எரிசக்தித் துறையும் சொல்கிறது. தண்ணீர்க் கட்டணத்தில் மிச்சமாவது சில்லறைதான். அக்டோபரிலும் ஏப்ரலிலும் குளிக்க முடிகிறதே, அதற்காகத்தான் நான் மூடி வைத்திருக்கிறேன்.

ஒரே ஆளால் முடியுமா என்று கேட்டீர்கள். ரோலர் இருந்தால் என் பன்னிரண்டு வயது மகளே சுருட்டிவிடுவாள். இல்லையென்றால் இருவர் பிடித்து இழுத்து, மடித்து, ஈரத்தோடு புல்வெளியில் போட்டு, மறுநாள் புல்லும் எறும்புமாக அதைத் திரும்ப விரிக்க வேண்டும்; ஒரு மாதத்தில் அது வேலியோரம் போய்ச் சேர்ந்துவிடும். எனவே பணம் குறைந்தால் மூடியின் தடிமனில் குறையுங்கள், ரோலரில் குறைக்காதீர்கள். என்னுடையது 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன். ரோலரோடு சேர்த்து 1,300 டாலருக்குப் பக்கமாக வந்தது.

மூடி வந்தவுடன் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். குமிழ்ப் பக்கம் தண்ணீரில் படும்படி விரித்து, சுருக்கம் போகும் வரை இரண்டு மூன்று நாள் கிடக்கவிட்டு அதன்பின் ஓரம் வெட்டுங்கள். சுருட்டிய மூடியின் மேல் போர்த்த ஒரு வெள்ளை உறை விற்பார்கள். தேவையில்லாத செலவு என்று நான் முதலில் வாங்காமல் விட்டேன். வெயிலில் சுருளாகக் கிடக்கும் மூடிக்குள் வெப்பம் ஏறி ஏறிப் பிளாஸ்டிக்கையே பொசுக்கிவிடும் என்பது நான்காம் ஆண்டில்தான் விளங்கியது: மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் திறந்தால், மீன் செதிலைப் போல நீலநிறத் துணுக்குகள் கைநிறைய வந்தன. அதில் எனக்கும் பங்குண்டு. மூடியிருக்கும் குளத்தில் வெயிலால் அழியும் குளோரின் குறைவு. நானோ பழைய அளவிலேயே உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவியை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மிஞ்சிய குளோரின் மூடியைத் தின்றது. மூடி போட்டபின் கருவியின் அளவைக் குறைத்து, வாரம் ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மிகுதியாக மருந்து போடும் நாளில் மூடியை விரிக்கவே கூடாது.

ஜனவரிக் கேள்விக்கு வருகிறேன். 2020 ஜனவரி 4ஆம் தேதி எங்கள் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் காட்டுத்தீச் சாம்பல் விழுகிறதே என்று மூடியைப் போட்டே வைத்திருந்தேன். தண்ணீர் 35 டிகிரியைத் தொட்டுவிட்டது. இறங்கினால் இரசத்துக்குள் இறங்கியது போலிருந்தது. அப்படிப்பட்ட நாள்களில் மாலையில் மூடியைச் சுருட்டி, இரவு முழுவதும் குளத்தைத் திறந்து விடுங்கள். அக்டோபரில் எந்த ஆவியாதலைத் திட்டினோமோ அதுவே ஜனவரியில் குளத்தைக் குளிர்விக்கும்.

பனங்கூடல், பிளாக்டவுன்

தம்பி, பின்னறை ஏன் குளிரவில்லை என்று அறியாமல் அங்கே இன்னொரு குளிரூட்டியைப் பூட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்தவர் கூரைக்குள் ஏறிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே என் சந்தேகம் தொடங்குகிறது.

எங்களுடையது தொண்ணூறுகளின் கடைசியில் கட்டிய செங்கல் வீடு. மூன்று கோடைகாலம் எங்கள் பின்னறையும் உங்களுடையதைப் போலவே இருந்தது. குளிரூட்டி சிறிது, வீடு பெரிது என்று நானே முடிவுகட்டி, அந்த அறைக்கு இரண்டு மின்விசிறியும் வாங்கி வைத்தேன். பிறகு ஒருநாள் விடியற்காலை, ஏணி வைத்து உட்கூரைப் பலகையைத் தள்ளி, கைவிளக்கோடு உள்ளே தலையை நீட்டினேன். கூரைக்குள் அப்படியொரு குளிர். பின்னறைக்குப் போகும் வெள்ளிநிறக் குழாய் தன் வளையத்தை விட்டுக் கழன்று, இரண்டு சாண் தள்ளிக் கிடந்தது. ஒட்டியிருந்த நாடா காய்ந்து வாழைச் சருகு போல உரிந்து தொங்கியது. குளிர்ந்த காற்று முழுவதும் ஓட்டின் அடிப்பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று கோடைகாலமாக நான் ஓட்டுக்குக் குளிரூட்டியிருக்கிறேன். புதுப் பட்டியும் புது நாடாவும் போட அரைமணி நேரம் பிடித்தது. செலவு நாற்பது டொலருக்கும் குறைவு.

நீங்களும் பார்ப்பதானால் விடியற்காலையில் மட்டும் ஏறுங்கள். கோடைப் பகலில் ஓட்டுக் கூரைக்குள் வெப்பம் 60 டிகிரிவரை போகும். பிரதான மின்சுவிட்சை நிறுத்திவிட்டு ஏறுங்கள், மரச்சட்டத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதீர்கள். ஏறும் முன்பே கீழிருந்து ஒரு சோதனை செய்யலாம். குளிரூட்டி இருபது நிமிடம் ஓடியபின், நடையில் காற்றை உள்ளிழுக்கும் பெரிய சல்லடையருகிலும், ஒவ்வோர் அறையின் காற்றுத் துவாரத்திலும் வெப்பமானியைப் பிடியுங்கள். வரவேற்பறைத் துவாரத்தில் சல்லடையருகில் உள்ளதைவிட 8 முதல் 12 டிகிரி குறைவாகக் காட்டி, பின்னறையில் அப்படிக் காட்டாவிட்டால், இயந்திரம் நலமாக இருக்கிறது, குழாயில்தான் பிழை. எல்லா அறையிலும் வித்தியாசம் குறைவு என்றால் முதலில் அந்தச் சல்லடைக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். நான் முதன்முதலாகக் கழற்றியபோது அதில் கம்பளி போலத் தூசி படிந்திருந்தது; முந்தைய வீட்டுக்காரர் அப்படியொன்று இருப்பதையே அறிந்திருக்கமாட்டார் போலும். வடிகட்டியும் சுத்தம், குழாயும் சரி, ஆனாலும் குளிரவில்லை என்றால் மட்டும் இயந்திரத்துக்குள் ஓடும் குளிரூட்டும் வாயுவைப் பற்றி யோசியுங்கள். அதைத் தொட இங்கே உரிமம் வேண்டும், ஆகவே ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். உள்ளே இருப்பது பழைய ஆர்22 வாயுவென்றால் கசிவை அடைத்து மறுபடி நிரப்பச் செலவழிக்காதீர்கள்; அப்போது மாற்றுவதே சரி.

மேற்குச் சுவர் அறை என்கிறீர்கள். சன்னலுக்கு உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். கண்ணாடிக்கு வெளியே இறங்கும் மறைப்புப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் குழாயைச் சரிசெய்ததற்கு அடுத்தபடியாக வித்தியாசம் காட்டியது அதுதான். உட்கூரையின் மேல் பரப்பியிருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சையும் கவனியுங்கள். விளக்குப் பூட்ட வந்தவர்கள் பஞ்சை ஒதுக்கிவிட்டு, திரும்பப் போடாமல் போய்விடுவது இங்கே வழக்கம்.

வெப்பத்தைக் குளத்துக்குள் விடும் யோசனையைச் சிரிக்கத்தக்கது என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடா போன்ற, ஆண்டில் பாதிக்கு மேல் குளிரூட்டி ஓடும் இடங்களில், சூடான வாயுவின் வெப்பத்தை நீச்சல் தடாகத்து நீருக்கு மாற்றும் கருவியைக் குளிரூட்டியோடு பொருத்துகிறார்கள், விற்பனையிலும் இருக்கிறது. ஆனால் சிட்னியில் காலம் பொருந்தாது. குளிரூட்டி மூச்சுமுட்ட ஓடும் ஜனவரியில் தடாகம் ஏற்கெனவே சூடாக இருக்கும்; தடாகத்துக்குச் சூடு தேவைப்படும் அக்டோபரில் நீங்கள் குளிரூட்டியைத் தொடவே மாட்டீர்கள்.

மொட்டைமாடி, டூங்காபி

மூடிக்கு எதிராகவும் ஒரு குரல் பதிவாகட்டும். எங்கள் குளம் அவரை விதை வடிவில் வளைந்து கிடக்கிறது. கரையில் ரோலர் வைக்க நேர்விளிம்பே இல்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டு யூகலிப்டஸ் மரங்கள் மூன்று. மூடியின் மேல் இலை குவியும். அப்படியே இழுத்தால் இலையெல்லாம் தண்ணீருக்குள் கொட்டும். வாரிவிட்டு இழுப்பதென்றால் அதற்கே அரைமணி நேரம். மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறார், பிடிக்க இரண்டாவது ஆள் கிடையாது. ஒருநாள் மூடியை விலக்கினால் மேற்படியில், தண்ணீருக்கு அடியில், கறுப்பாக ஒரு ஃபனல் வெப் என்னும் கொடிய நச்சுச் சிலந்தி அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று கையை நீட்டப் போனேன். நல்லவேளையாக மகன் தடுத்தான். உடம்பில் ஒட்டிய காற்றுக் குமிழோடு அந்தச் சிலந்தி ஒரு நாளுக்கு மேலும் தண்ணீரில் உயிரோடிருக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். மூடி இல்லாத குளத்திலும் அது விழும்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் ஆண்டு மூடியை விற்றுவிட்டேன். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, வேகத்தை மாற்றக்கூடிய பம்பு வாங்கினேன். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் கட்டணம் இறங்கியது. உங்களுடையது நேர்ச்செவ்வகம், வீட்டில் ஆளும் இருக்கிறது. எனவே என் கதை உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைக்குப் போகும் முன், ரோலர் எந்த ஓரத்தில் நிற்கும், அந்த ஓரத்தில் நடக்க இடம் மிஞ்சுமா என்பதைக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போங்கள்.

வைகைக்கரை, கெலிவில்

மூவருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாளியை நான்கு நாள் வைத்திருந்தேன். வாளிக்குள் 25 மில்லிமீட்டர், வெளியே 27. அந்த இரண்டு மில்லிமீட்டர் பிள்ளைகள் குதித்துச் சிந்தியது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆக, ஓட்டை இல்லை.

பனங்கூடல் அண்ணா சொன்னபடி சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கூரைக்குள் ஏறினேன். குழாய் கழன்றிருக்கவில்லை. ஆனால் முன்பு இங்கே இருந்தவர்கள் கிறிஸ்துமஸ் மரம் வைத்த நீளமான அட்டைப் பெட்டி ஒன்றைப் பின்னறைக்குப் போகும் குழாயின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாய் சப்பாத்தி மாதிரி நசுங்கியிருந்தது. பெட்டியை இறக்கிவிட்டுக் குழாயை நிமிர்த்தினேன். துவாரத்தில் காற்று கையில் படும் அளவுக்கு வருகிறது. அறை முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிற்பகல் நான்கு மணி வெயிலுக்குப் போதவில்லை. எனவே ஸ்பிலிட் ஏசி யோசனையை முழுதாகக் கைவிடவில்லை. அந்த அறையின் வெளிச்சுவர் குளத்து வேலியைப் பார்த்தபடி இருக்கிறது; சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான். வெளிப்பெட்டியை அங்கே வைப்பதில் இடைஞ்சல் ஏதும் உண்டா?

வேலிக்கு அப்பால், கேஸில் ஹில்

நல்லவேளை, வைப்பதற்கு முன் கேட்டீர்கள். நான் வைத்தபின் தெரிந்துகொண்டவன்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குளத்தைச் சுற்றியுள்ள வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு வெளியே 90 சென்டிமீட்டருக்குள் ஒரு சிறு குழந்தை மிதித்து ஏறக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூந்தொட்டி, நாற்காலி, அடுப்பு வைக்கும் மேசை எல்லாம் இதில் அடங்கும். ஏசியின் வெளிப்பெட்டியும் அடங்கும், ஏனென்றால் இடுப்பளவு உயரத்தில், தட்டையான தலையோடு, அது ஒரு நல்ல படிக்கட்டு.

2022இல் நாங்கள் வேறு வீட்டுக்கு மாறி, இருந்த வீட்டை வாடகைக்கு விட நினைத்தோம். குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விடுவதற்குக் குளம் விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சான்றிதழ் வேண்டும். ஒருமுறை வாங்கினால் மூன்று ஆண்டு செல்லும். சோதிக்க வந்த அம்மையார் கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார், தானாகச் சாத்திக்கொண்டது. வேலியின் இடைவெளிகளை அளந்தார், சரியாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் தேநீர் போட உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், ஏசிப் பெட்டிக்கும் வேலிக்கும் நடுவில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். 62 சென்டிமீட்டர். சான்றிதழ் நிறுத்தப்பட்டது. வாடகைக்கு வருபவர் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். உரிமம் உள்ளவரை வரவழைத்து, வாயுவை எடுத்து, செப்புக் குழாயை நீட்டி, பெட்டியை வேறு சுவருக்கு மாற்றி, மின்சார வேலையும் முடிக்க மூன்று வாரமும் 1,100 டாலரும் ஆயின. பொருத்தும்போதே தள்ளி வைத்திருந்தால் நாலு மீட்டர் குழாயோடு போயிருக்கும். பொருத்திய நிறுவனத்தைக் கேட்டேன். வேலி எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கணக்கில் ஒன்றரை மீட்டரில் பெட்டியின் தடிமனும் சுவரிலிருந்து அது விலகி நிற்கும் இடைவெளியும் போனால், 90 சென்டிமீட்டர் மயிரிழையில் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். அந்தச் சுவரே வேண்டாம் என்பேன். வேலிக்கு உள்ளே, குளத்துப் பக்கம் வைத்துவிடலாமே என்றும் யோசிக்காதீர்கள். உப்பும் குளோரினும் கலந்த தெறிப்பு, பெட்டியின் பின்னாலிருக்கும் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். பக்கத்து வீட்டுப் படுக்கையறையை ஒட்டிய சுவரும் ஆகாது. அவர்கள் அறைக்குள் கேட்கும் அளவுக்கு ஏசி ஓசை எழுப்பினால், வார நாளில் இரவு 10 முதல் காலை 7 மணி வரையிலும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் காலை 8 மணி வரையிலும் அது விதிமீறல். குளத்துப் பம்புக்கு இரவு 8 மணிக்கே தடை தொடங்கிவிடும்.

மூடி வாங்குவதென்று முடிவெடுத்தால், அது வேலிக்கு மாற்றாகாது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குமிழ் மூடி ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தாங்காது. மிதிப்பவர் உள்ளே போனபின், தலைக்கு மேல் மறுபடியும் மூடிக்கொள்ளும்; கரையில் நிற்பவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. பாதி சுருட்டிய குளத்தில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். எடுத்தால் முழுவதும் எடுத்துவிட வேண்டும். ரோலரும் மிதித்து ஏறக்கூடிய பொருள்தான். அதை வேலிக்கு உள்ளே, வேலியை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வைகைக்கரை, கெலிவில்

இன்று நாடா பிடித்து அளந்தேன். வெளிப்பெட்டியை வைத்தால் வேலிக்கு மிஞ்சுவது 84 சென்டிமீட்டர். மற்ற சுவர்களில் ஒன்று பக்கத்து வீட்டுப் படுக்கையறையைப் பார்க்கிறது. இன்னொன்றுக்குக் குழாய் கொண்டுபோக வீட்டையே சுற்ற வேண்டும். எனவே ஸ்பிலிட் ஏசி இப்போதைக்கு இல்லை.

பின்னறைச் சன்னலுக்கு வெளியே இறங்கும் மறைப்புக்குச் சொல்லிவிட்டேன், 640 டாலர். கூரைக்குள் இருக்கும் குழாய்களையெல்லாம் பார்த்து, பழைய நாடாக்களை மாற்றிக் கொடுக்க உரிமம் உள்ள ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். இவர் ஏணியோடு வருவதாக அவரே சொன்னார். மீதிப் பணத்தில் 500 மைக்ரான் மூடி, ரோலர், கூழாங்கல் வலியுறுத்திய வெள்ளை உறை மூன்றையும் வாங்கியாயிற்று. ரோலர் ஆழமில்லாத பக்கத்து ஓரத்தில் நிற்கும். கயிறு பிடித்து அளந்ததில் நடக்க 70 சென்டிமீட்டர் இருக்கிறது.

மூடி நேற்று மாலை வந்து இறங்கியது. விரித்துவிட்டோம். அம்மா ஒரு மூலையைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, காற்றில் பறக்கிறதா என்று அரைமணி நேரம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். (நாற்காலியை வேலியிலிருந்து தள்ளி எடுத்து வைத்தேன்.) இன்னும் பறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓரம் வெட்டப் போகிறோம். கூழாங்கல், பென்ரித்திலிருந்து நீங்கள் அந்தப் பக்கம் வருவதாக இருந்தால், முதல் வெட்டை உங்கள் கையால் போட்டுவிட்டுக் காலை உணவையும் எங்கள் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். அளவு தெரியாமல் உள்ளே தள்ளி வெட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.